நெடுவாள்: பயிற்சியில் கைவந்த வெட்டு ஸ்பாரிங்கில் ஏன் வருவதில்லை?

முனைநோக்கி எழுதியது:

வணக்கம். ஐரோப்பிய வரலாற்று வாட்கலையில் ஜெர்மானிய நெடுவாள் மரபை 16 மாதங்களாகப் பயின்று வருகிறேன். வாரம் இருமுறை குழுவோடு பயில்கிறேன். மற்ற நாள்களில் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். லீக்டனாவர் என்ற பழைய ஜெர்மானிய ஆசானின் மரபில் வரும் ஐந்து சிறப்பு வெட்டுகளான ட்ஸோர்ன்ஹாவ், க்ரும்ப்ஹாவ், ட்ஸ்வெர்க்ஹாவ், ஷீல்ஹாவ், ஷைட்டல்ஹாவ் ஆகியவற்றைத் தனியாகச் செய்து காட்டும்போது எங்கள் பயிற்றுநர் பெரிதாகக் குறை சொல்வதில்லை. இன்ன வெட்டுத்தான் வரும் என்று இணையரோடு முன்கூட்டியே பேசிக்கொண்டு செய்யும் பயிற்சியிலும் 10 முறைக்கு 8 முறை மறுவெட்டு சரியாக அமைந்துவிடுகிறது.

ஆனால் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்பாரிங்கில், அதாவது எதையும் பேசிவைக்காத பயிற்சிச் சண்டையில், இறங்கியதும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. வலத்தோளிலிருந்து ஒரு வெட்டு, அது தடுக்கப்பட்டதும் இடப்பக்கம் இன்னொரு வெட்டு, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாத ஒரு தடுமாற்றம். இவ்வளவுதான் என் சண்டை. ஷீல்ஹாவை இதுவரை ஒருமுறைகூட ஸ்பாரிங்கில் பயன்படுத்தியதில்லை. அதைவிட வருத்தம் தருவது, பாதிக்கு மேற்பட்ட மோதல்களில் இருவர் மீதும் ஒரே நேரத்தில் அடி விழுந்துவிடுவது. கூரான வாளாக இருந்திருந்தால் இருவருமே வீழ்ந்திருப்போம்.

குழுவின் மூத்தவர்களில் ஒருவர், ஸ்பாரிங்கை இரட்டிப்பாக்கினால் தானாகச் சரியாகும் என்கிறார். இன்னொருவர், ஆறு மாதம் ஸ்பாரிங்கை நிறுத்திவிட்டு அடிப்படைகளை மட்டும் செய் என்கிறார். இரண்டில் எதைக் கேட்பது? எப்படிப் பயில வேண்டும் என்பதைப் பற்றிப் பழைய ஏடுகளே ஏதாவது சொல்கின்றனவா?

கட்டுவாள் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்களுக்குக் கிடைத்த இரண்டு அறிவுரைகளும் பயிற்சியின் அளவைப் பற்றியவை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், சிக்கல் பயிற்சியின் தன்மையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் விடைகளை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்; வினா எப்படி இருக்கும் என்பதைக் கண்ணுக்கும் கைக்கும் யாரும் பழக்கவில்லை.

ஐந்து வெட்டுகளில் நான்கு, குறிப்பிட்ட ஒரு நிலையை உடைப்பதற்காகச் சொல்லப்பட்டவை. எதிராளி வாளைத் தோளுக்கோ தலைக்கோ மேலே ஏந்தி நிற்கும் ஃபொம் டாக் நிலைக்கு ட்ஸ்வெர்க்ஹாவ். முனை முகத்தை நோக்கும்படி வாளை மேலே உயர்த்திப் பிடிக்கும் ஓக்ஸ் நிலைக்கு க்ரும்ப்ஹாவ். பிடி இடுப்பருகே இருக்க, முனை மேல்நோக்கி நீளும் ப்ஃலூக் நிலைக்கு ஷீல்ஹாவ். முனை தரையைப் பார்க்கும் ஆல்பர் நிலைக்கு ஷைட்டல்ஹாவ். ஸ்பாரிங்கில் ஷீல்ஹாவ் வரவே இல்லை என்கிறீர்கள். எதிராளி ப்ஃலூக்கில் நின்ற எத்தனை தருணங்களை நீங்கள் கவனித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் தொடங்கிய காலத்தில் எனக்கு இதே குறை இருந்தது. எதிராளியின் வாள் எங்கே இருந்தது என்று சண்டை முடிந்ததும் கேட்டால், என்னால் சொல்ல முடியாது. காணாத நிலைக்கு உரிய வெட்டு கையில் எப்படி வரும்?

இன்ன வெட்டு வரும் என்று பேசிவைத்துக்கொண்டு செய்யும் பயிற்சியில் கண்ணுக்கு வேலையே இல்லை. உடல் அசைவை முதன்முதலாகக் கற்கும்போது அது தேவைதான். ஓரிரு வாரங்களுக்குமேல் அதிலேயே தங்கிவிட்டால், அசைவு அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே அதே இணைப்பயிற்சியில் முடிவெடுக்கும் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். இதற்கு ட்ஸோர்ன்ஹாவைப் போலப் பொருத்தமான பாடம் வேறில்லை, ஏனெனில் அதைப் பற்றிய பழைய செய்யுளும் ரிங்கெக் முதலிய 15-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர்களின் விளக்கமும் கிளைபிரியும் வடிவத்திலேயே அமைந்திருக்கின்றன.

எதிராளி மேலிருந்து வெட்டுகிறார். நீங்களும் வலத்தோளிலிருந்து அதன்மேல் வெட்டுகிறீர்கள். வாள்கள் பிணைந்து நிற்கின்றன. உங்கள் முனை அவர் முகத்தை நோக்குகிறது. இங்கிருந்து பாதை பிரிகிறது. அவர் பிணைப்பில் மென்மையாக இருந்தால், முனையை நேரே செலுத்திக் குத்த வேண்டும். முனையைக் கண்டு அஞ்சி உங்கள் வாளை வலுவாகப் பக்கவாட்டில் தள்ளினால், அந்தத் தள்ளலோடு மல்லுக்கு நிற்காமல் வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்ட வேண்டும். தள்ளவும் இல்லை, விலகவும் இல்லை, பிணைப்பிலேயே உறுதியாக நிற்கிறார் என்றால், பிடியை உயர்த்தி உங்கள் வாளின் வன்பகுதியை (பிடியை ஒட்டிய பாதி) அவருடைய மென்பகுதிமேல் (முனையை ஒட்டிய பாதி) சுழற்றி ஏற்றி, மேலிருந்து முகத்துக்குக் குத்த வேண்டும். இந்த மூன்றில் எதைச் செய்வது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய நேரம் போதாது. வாளின் வழியே உள்ளங்கைக்கு வரும் அழுத்தம்தான் சொல்ல வேண்டும். ஜெர்மானிய ஏடுகள் ஃப்யூலன் என்று அழைக்கும் தொடுவுணர்வு இதுவே. அந்த உணர்வு கிடைத்த அதே கணத்தில் செயல்படுவதற்குத்தான் இண்டெஸ் என்று பெயர்.

இதை இப்படிப் பயிலுங்கள். முதலில் ஒரு கிளையை மட்டும், மெதுவாக. பிறகு இணையர் மென்மை, தள்ளல் ஆகிய இரண்டில் ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் தேர்ந்தெடுக்கட்டும். அது பழகியதும் மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின், அவர் சில வேளைகளில் வெட்டாமலே இருக்கட்டும், அல்லது இடப்பக்கத்திலிருந்து வெட்டட்டும். கடைசியாக, உங்கள் குத்தைத் தடுத்துச் சண்டையைத் தொடரும் உரிமையையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பயிற்சிக்கும் ஸ்பாரிங்குக்கும் இடையிலிருந்த சுவர் பெரும்பாலும் இல்லாமல் போயிருக்கும். எது அதிகம் தேவை என்ற கேள்விக்கும் அங்கே இடமிருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பயிற்சியில் கடினமான பாதி இணையருடையது. அவர் வெட்டு, நீங்கள் தடுக்காவிட்டால் உங்கள் தலையில் விழும் வெட்டாக இருக்க வேண்டும். அன்பின் காரணமாக அவர் ஒரு சாண் தள்ளி நின்று வீசினாலும், வாளுக்குக் குறிவைத்து வீசினாலும், தடுக்கத் தேவையே இல்லாத வெட்டைத் தடுக்க நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். வேகத்தைக் குறைக்கலாம், விசையைக் குறைக்கலாம். தூரத்திலும் குறியிலும் பொய் சொல்லக் கூடாது. பல குழுக்களில் புதியவர்களுக்கு மறுவெட்டை மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் நல்ல இணையராக வெட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. இது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

ஏடுதேடி எழுதியது:

உங்களுடைய கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இன்றைய பொருளில் பயிற்சிக் கையேடு என்று சொல்லத்தக்க நூல் அந்தக் காலத்தில் அரிது. லீக்டனாவர் மரபின் செய்யுள்கள், கலை எல்லாரிடமும் பரவிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மறைபொருளாக இயற்றப்பட்டவை என்று உரைகளின் முன்னுரையே கூறுகிறது. நூற்பா சுருங்கவும் உரை விரியவும் அமைவது தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய முறைதான் என்பதால், இந்த ஏடுகளை அணுகுவது நமக்குச் சற்று எளிதாகவே இருக்கும்.

இருந்தாலும் பயிற்சியைப் பற்றிய குறிப்புகள் ஆங்காங்கே கிடைக்கின்றன. நூரம்பெர்கிலுள்ள ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் 3227ஏ என்ற எண்ணோடு பாதுகாக்கப்படும் கையெழுத்துப்படி, பயிற்சி கலையைவிட மேலானது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கலையறிவு இல்லாத பயிற்சி ஓரளவுக்குப் பயன்படும். பயிற்சி இல்லாத கலையறிவு பயன்படாது என்பது அது காட்டும் காரணம். சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கிய கருத்து. அதே ஏடு, இடைவிடாத இயக்கமே வாட்போரின் உயிர்நிலை என்றும் கூறுகிறது. ஒரு வெட்டு தவறினால் நின்று யோசிக்காமல் அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்பது அதன் உட்பொருள். இரண்டு வெட்டுக்குப் பின் தடுமாறி நிற்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு இது நேராகப் பொருந்துகிறது.

இத்தாலிய மரபிலிருந்து ஒரு செய்தி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபியோரே தெய் லிபெரி உருவாக்கிய படநூலில், தாக்குதலுக்கு விடை காட்டும் ஆசான் தலையில் முடி சூடியிருப்பார். அந்த விடையைத் தொடர்ந்து செய்யும் மாணவர் முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை கட்டியிருப்பார். அந்த விடைக்கும் எதிர்விடை காட்டுபவர் முடியும் பட்டையும் இரண்டும் அணிந்திருப்பார். பக்கத்தைத் திறந்ததும் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். கட்டுவாள் சொன்ன கிளைபிரியும் பயிற்சியின் அமைப்பு அந்நூலின் ஓவியங்களிலேயே இருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன். 1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாகிம் மேயர் வெளியிட்ட நூலிலோ, உடலின் நான்கு திறப்புகளையும், அதாவது வலம், இடம், மேல், கீழ் என்று பிரித்த தாக்குமிடங்களையும், எந்த வரிசையில் தாக்கிப் பழக வேண்டும் என்பதை எண்களால் காட்டும் சதுர வரைபடமே உண்டு. தனிப் பயிற்சிக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெட்டு முடியும் இடத்திலிருந்தே அடுத்தது பிறக்கும் பழக்கத்தை அது நன்றாகத் தரும்.

அளவடி எழுதியது:

கட்டுவாள் எழுதியதில் பெரும்பகுதி சரியானது; ஆனால் வரிசையில் நான் மாறுபடுகிறேன். பிணைப்பில் என்ன செய்வது என்பது, பிணைப்பு வரை உயிரோடு வந்து சேர்ந்தவருக்கு எழும் கேள்வி. கேள்வி கேட்டவருக்குப் பாதிக்கு மேற்பட்ட மோதல்கள் இரட்டை அடியில் முடிகின்றன. அது ஃப்யூலன் இல்லாத குறை அன்று. தூரமும் காலமும் தெரியாத குறை. முதலில் திருத்த வேண்டியது அதுதான்.

ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வர் 1599-இல் வெளியிட்ட நூலிலும், அதன் தொடர்ச்சியாக எழுதிய குறிப்புகளிலும், உண்மைக் காலம், பொய்க் காலம் என்று ஒரு பாகுபாட்டை முன்வைக்கிறார். கை முதலில் நகர்ந்து, உடலும் காலும் அதைத் தொடர்ந்தால் அது உண்மைக் காலம். கால் முதலில் சென்று கை பின்னால் வந்தால் பொய்க் காலம். காரணம் எளிமையானது. கையின் நகர்வு வேகமானது, காலின் நகர்வு மெதுவானது. காலை முதலில் வைப்பவர், தன் வாள் இன்னும் வேலை தொடங்காத நிலையில், தன் உடலை எதிராளியின் வாள் எட்டும் தூரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். சில்வர் ஜெர்மானிய மரபைச் சேர்ந்தவர் அல்லர் என்பதை அறிவேன். ஆனால் மனிதக் கையும் காலும் எல்லா மரபுக்கும் பொது. உங்கள் ஸ்பாரிங்கைக் காணொளியாகப் பதிந்து, இரட்டை அடி விழும் இடங்களில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். காலடி தரையைத் தொடும்போது வாள் இன்னும் தோளிலேயே இருந்தால், உங்கள் நோய் எது என்று உறுதியாகிவிடும்.

தூரத்துக்கான பயிற்சிக்கு வாளே வேண்டாம். இணையர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரட்டும். ஓர் அடி எடுத்து வைத்தால்தான் தொட முடியும் என்ற அளவை நீங்கள் விடாமல் காத்து நகருங்கள். அவர் திடீரென்று நின்றுவிட்டாலோ, தன்னை மறந்து ஒரு கால் அதிகமாக உள்ளே வந்துவிட்டாலோ, அந்தக் கணத்தில் கையை நீட்டித் தோளைத் தொடுங்கள். 5 நிமிடம் போதும். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் நான் கண்டவரையில் புதியவர்களுக்கு இதைப்போல விரைவில் பயன் தரும் பயிற்சி வேறில்லை.

அடுத்தது கவசம். இன்று நாம் அணியும் முகக்கவசமும் கழுத்துக் காப்பும் திணிப்பு வைத்த மேலங்கியும் தடித்த கையுறையும் இல்லாமல், ஒன்றரைக் கிலோ எடைக்கு அருகில் வரும் எஃகு ஃபெடரால் (கூரில்லாத பயிற்சி வாள்) ஸ்பாரிங் செய்வது முறையாகாது. விரல் எலும்பு மிக எளிதில் முறியும். எனவே கவசத்தைக் குறைக்குமாறு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அது அச்சத்தை முற்றிலும் எடுத்துவிடுகிறது என்பதையும், அச்சம் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பழைய ஏடுகள் எழுதப்பட்டன என்பதையும் மறக்கக் கூடாது. கூர்வாள் முன் நிற்பவர் தன்னைக் காக்காமல் வெட்டத் துணிய மாட்டார். நாம் துணிகிறோம். இந்த இடைவெளியை விதியால்தான் நிரப்ப முடியும். உங்கள் குழுவில் ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்: இரட்டை அடி விழுந்தால் இருவரும் தோற்றவர், இருவருமே களத்தை விட்டு வெளியேறி அடுத்த இணைக்கு இடம் விட வேண்டும். அடித்தவரும் அடித்த பிறகு, மறு அடி படாமல் இரண்டு காலடி பின்வாங்கி வாள் எட்டும் தூரத்துக்கு வெளியே போய்ச் சேர்ந்தால்தான் அவர் வெற்றி செல்லும். மேயர் ஒரு மோதலைத் தொடக்கம், கைவேலை (நெருங்கியபின் நடக்கும் வாள்வேலை), விலகல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். நாம் முதல் இரண்டை மட்டும் பயின்றுவிட்டு, மூன்றாவதைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

மெதுவான ஸ்பாரிங்கைப் பற்றியும் ஒரு சொல். அது நல்ல கருவிதான், ஆனால் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நம்மை அறியாமலே கை விரைந்துவிடும். மெதுவாக வந்த வெட்டை விரைந்த தடுப்பால் நிறுத்தியவர் எதையும் கற்கவில்லை. அப்படி நேர்ந்தால், யார் செய்தாலும், உடனே நிறுத்திச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

முனைநோக்கி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அளவடி சொன்னபடி காணொளி எடுத்துப் பார்த்தேன். ஏழு இரட்டை அடிகளில் ஐந்தில், என் வலக்கால் ஊன்றிய பிறகே வாள் தோளை விட்டுப் புறப்பட்டிருக்கிறது. பார்க்கவே வேதனையாக இருந்தது. ஆனால் 16 மாதங்களில் முதன்முறையாக, எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. தூரப் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் செய்கிறோம். இரட்டை அடிக்கு இருவரும் வெளியேறும் விதியைக் குழுவும் ஏற்றுக்கொண்டது. அதனால் ஸ்பாரிங்கில் அனைவருமே சற்று நிதானமாகிவிட்டார்கள்.

ட்ஸோர்ன்ஹாவின் மூன்று கிளைகளில்தான் மனம் தளர்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தபோது சரியாக வந்தது. இணையர் சொல்லாமல் மாற்றத் தொடங்கியதும் 10-க்கு 4 கூடத் தேறவில்லை. அவர் தள்ளும்போது நான் குத்த முயல்கிறேன். மென்மையாக விடும்போது வாளை எடுத்து மறுபக்கம் வெட்டுகிறேன். மறுபடி ஒவ்வொரு கிளையாகப் பிரித்து, உறுதியாகும் வரை செய்வது நல்லதா?

கட்டுவாள் எழுதியது:

முழுவதுமாகப் பின்னால் போகாதீர்கள். நீங்கள் காணும் சரிவு எதிர்பார்க்க வேண்டியது. ஒரே அசைவை அடுத்தடுத்துச் செய்பவர்களையும், பல அசைவுகளைக் கலந்து செய்பவர்களையும் ஒப்பிட்டு ஷே, மார்கன் ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, உடலியக்கக் கல்வியில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பயிலும் நேரத்தில் கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். வாளை வைத்துச் செய்த ஆய்வு அன்று என்பது உண்மை. ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. வகுப்பில் நன்றாகச் செய்வது வேறு, கற்றிருப்பது வேறு.

ரஷ்ய உடலியக்க அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், உளிமேல் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களைக் கவனித்து, ஓர் அடியைப் போல இன்னோர் அடியில் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் நகர்வதில்லை, சுத்தியல் மட்டும் உளியில் சரியாகச் சென்று விழுகிறது என்று கண்டார். திரும்பச் செய்வது என்பது, ஒரே விடையைத் திரும்ப ஒப்பிப்பதாக இல்லாமல், விடை காணும் வேலையைத் திரும்பச் செய்வதாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உங்கள் ட்ஸோர்ன்ஹாவும் அப்படித்தான். இணையர் உயரமானவராக இருக்கலாம், களைத்திருக்கலாம், ஓர் அங்குலம் தள்ளி நிற்கலாம். ஒவ்வொரு முறையும் பிணைப்பு சற்றே வேறாகத்தான் அமையும்.

ஆனால் 10-க்கு 4 என்பது சுமை கூடுதல் என்பதற்கும் அறிகுறி. மூன்றாவது கிளையை இப்போதைக்கு எடுத்துவிட்டு, மென்மை, தள்ளல் ஆகிய இரண்டை மட்டும் சொல்லாமல் மாற்றுங்கள். 10-க்கு 7 அளவில் தேறினால் அதே இடத்தில் சில வகுப்புகள் தங்குங்கள். 9 வந்துவிட்டால் மூன்றாவதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவறும் விதத்தைப் பார்த்தால் எனக்கு இன்னொரு ஐயம் எழுகிறது. தள்ளும்போது குத்துவதும், விடும்போது வாளை எடுப்பதும், பிணைப்பு ஏற்படும் முன்பே நீங்கள் முடிவெடுத்துவிடுவதைக் காட்டுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு. வெட்டே இல்லாமல், வாள்களை நடுவில் பிணைத்த நிலையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக இருவரும் முகக்கவசம் அணிந்திருங்கள், யாரும் குத்த வேண்டாம். இணையர் மெதுவாகத் தள்ளவோ விடவோ செய்யட்டும்; எது நடந்தது என்பதை மட்டும் வாயால் சொல்லுங்கள். பிடியை நெரித்துப் பிடித்தால் ஒன்றும் தெரியாது என்பது முதல் நிமிடத்திலேயே விளங்கிவிடும். கீழ்க்கையைச் சற்றுத் தளர்த்தினால் அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெளிவாகும். அதன் பிறகு கண்ணைத் திறந்து, சொல்லுக்குப் பதிலாக வாளால் விடை சொல்லுங்கள். அது நிலைபெற்ற பிறகே தொலைவிலிருந்து வரும் வெட்டோடு சேருங்கள். அப்போது உண்மைக் காலத்தைப் பற்றி அளவடி சொன்னதும் கூடவே சோதனைக்கு வரும். கை முன்னே, கால் பின்னே என்பது சரியாக இருந்தால்தான் பிணைப்பில் உங்கள் முனை நடுவில் நிற்கும். முதல் மறுமொழியிலேயே இந்த வரிசையை நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவில் அவர் திருத்தியது சரியே.